சுத்தம் செய்யாத வயல்

வயல் வீடு
அக்டோபர் 21

சம்பந்தி அவர்களுக்கு,

நேற்றிலிருந்து நீங்கள் விடாமல் போன் செய்கிறீர்கள். நான் வேண்டுமென்றேதான் எடுக்கவில்லை. போனில் நீங்கள் பேச ஆரம்பித்தால் எனக்கு "ம்" போட மட்டும்தான் இடம் கிடைக்கிறது. கடைசியில் எதற்காகக் கோபப்பட்டேன் என்பதே மறந்து, உங்களுக்கு நன்றி சொல்லிவிட்டு வைத்துவிடுகிறேன். கல்யாணப் பேச்சு நடந்த நாளிலிருந்து இதே கதைதான். அதனால் எழுதுகிறேன். நீங்களும் எழுதுங்கள். வைக்கோல் ஏற்ற வரும் உங்கள் லாரிக்காரர் எங்கள் சாலையில்தானே போகிறார், அவர் கையில் கொடுத்தனுப்பினால் போதும்.

விஷயத்துக்கு வருகிறேன். சாலையோர வயலில் நெல் அறுத்த மறுநாள், உங்களுடைய வைக்கோல் கட்டுகிற மிஷின் எங்களில் யாரையும் கேட்காமல் உள்ளே இறங்கிவிட்டது. நான் மாட்டுக் கொட்டகையில் இருந்தேன். மகன் விதை வாங்கப் போயிருந்தான். மருமகள் துணி துவைத்துக்கொண்டிருந்தவள், சத்தம் கேட்டு ஈரக்கையோடு ஓடி மிஷினுக்கு முன்னால் போய் நின்றாள். "யாரைக் கேட்டு இறங்கினீங்க?" என்றாளாம். "உங்க அப்பா அனுப்பிச்சாரும்மா" என்றானாம் ஓட்டுகிறவன். அதற்குள் பாதி வயல் மொட்டை.

அந்த வயலைப் பற்றி உங்களுக்குத் தெரியாதது இல்லை. இருந்தாலும் எழுத்தில் இருக்கட்டும். நெல் அறுத்தால் தாளுக்குத் தீ வைத்துவிட்டு, உழுது, கோதுமை விதைப்பதுதான் எங்கள் வழக்கம். உங்கள் மகளும் என் மகனும் தீ வேண்டாம், உழவும் வேண்டாம், வைக்கோலை அப்படியே பரப்பிவிட்டு அதன் ஊடாகவே விதைக்கிறோம் என்று ஒரு வருடமாக என் காதைக் குடைந்தார்கள். நான் ஒருநாள் எரிச்சலில், "அந்த ஒரு வயலை எடுத்துக்கோங்க. முளைச்சா அடுத்த வருஷத்திலேருந்து எல்லா வயலும் உங்க இஷ்டம். முளைக்கலைன்னா பேசாம மாமனாரோட வைக்கோல் கிடங்குக்கு வேலைக்குப் போயிடு" என்று மகனிடம் சொல்லிவிட்டேன். அவன் சரி என்று சொல்லிவிட்டான். நீங்களும் அவனுக்காக ஒரு நாற்காலியைத் துடைத்து வைத்திருப்பதாகக் கேள்வி.

மிச்சமுள்ள பாதியும் உருப்படியாக இல்லை. அறுவடை மிஷின்காரர் வைக்கோலைத் தூவாமல் வரிசை வரிசையாகக் கொட்டிவிட்டுப் போயிருக்கிறார். வரிசையில் முழங்கால் உயரம், நடுவே வெறும் தரை. இதில் எந்த மிஷின் விதைக்கும்? ஒரு தீக்குச்சி போதும், வயல் சுத்தமாகிவிடும் என்றேன். பெற்ற பிள்ளை என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

உங்கள் பதிலை எதிர்பார்க்கிறேன். சுருக்கமாக.

உங்கள் மகளின் மாமியார்


கிடங்கு
அக்டோபர் 22

சம்பந்தியம்மாவுக்கு வணக்கம்.

லாரிக்காரர் உங்கள் கடிதத்தைக் கோர்ட் நோட்டீஸ் போல இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு வந்து நீட்டினார். படித்த பிறகு, அவர் பிடித்த விதம் சரிதான் என்று தோன்றியது.

சுருக்கமாக எழுதச் சொல்லியிருக்கிறீர்கள். சுருக்கம் எனக்கு வராது, முயற்சி செய்கிறேன்.

முதலில் நடந்ததைச் சொல்கிறேன். நானாக மிஷினை அனுப்பவில்லை. உங்கள் வயலை அறுத்த ஆள், 'தூசி' என்று எல்லோரும் கூப்பிடுவோமே, அவர் எனக்குப் போன் செய்தார். "அண்ணே, சாலையோர வயல் அறுக்கிறேன். உங்க பொண்ணுகிட்ட கேட்டுட்டேன், சுத்தமா வேணும்னு சொல்லிட்டாங்க" என்றார். எங்கள் தொழிலில் சுத்தம் என்றால் ஒரே அர்த்தம்தான். வைக்கோலை வரிசையாக விட வேண்டும், கட்டு மிஷின் வந்து வழித்து எடுத்துவிடும், தரை தெரியும். தூவிவிட்டால் கட்ட வராது. அதனால் தூவுகிற விசிறியை நிறுத்திவிட்டு அறுத்திருக்கிறார். என் பெண்ணே கேட்டிருக்கிறாள் என்றால் அவர்கள் மனசு மாறிவிட்டது போலிருக்கிறது என்று எண்ணி மிஷினை அனுப்பினேன். ஒரு வார்த்தை உங்களிடம் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. என் சரக்கு என் கைக்கு வருகிறது என்ற சந்தோஷத்தில் மறந்துவிட்டேன். மறைக்க என்ன இருக்கிறது, வைக்கோலைப் பார்த்தால் எனக்குக் கண் தெரியாது.

நேற்று என் வாயாடி மகளிடம் கேட்டேன். "ஆமாப்பா, சுத்தமா வேணும்னுதான் சொன்னேன். பக்கத்து வயல் களை விதை ஒட்டிக்கிட்டு வந்துடும், மிஷினைச் சுத்தம் பண்ணிட்டு எறங்குங்கன்னு சொன்னேன். அதுக்குப் போய் வயலைச் சுத்தம் பண்ணிட்டீங்களே" என்கிறாள். தூசியோ, "அக்கா அவ்வளவு விவரமா சொல்லலைண்ணே, சுத்தம்னாங்க, சரின்னேன்" என்கிறார். நீங்களும் தீ வைப்பதைத்தான் சுத்தம் என்கிறீர்கள். ஒரே வார்த்தையை மூன்று பேர் மூன்று விதமாக வைத்துக்கொண்டு குடும்பம் நடத்துகிறோம்.

என்னால் வந்த வரிசையை நானே கலைத்துத் தருகிறேன். ஈர வைக்கோலைக் கிளறி உலர்த்துவதற்கு என்னிடம் ஒரு மிஷின் இருக்கிறது. அதன் ஒவ்வொரு கையும் வைக்கோலை அள்ளி நாலு பக்கமும் வீசும். நாளை அனுப்புகிறேன். முன்னும் பின்னும் இரண்டு தடவை ஓட்டினால் வரிசை பரவிவிடும். சேர்க்கிறதே பிழைப்பாக இருந்தவன் சிதறடிக்க ஆள் அனுப்புகிறேன். கிடங்கில் எல்லோரும் என்னை ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்கள்.

நாற்காலி விஷயம் உண்மை. அதைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன்.

உங்கள் சம்பந்தி


வயல் வீடு
அக்டோபர் 27

சம்பந்தி அவர்களுக்கு,

உங்கள் மிஷின் வந்தது. ஓட்டுகிறவருக்கு எங்கள் மண்ணில் ஓட்டத் தெரியவில்லை, மேடு வந்த இடத்தில் மண்ணையும் சேர்த்து வாரினார். மருமகள் அவரை இறக்கிவிட்டு அவளே ஏறி உட்கார்ந்தாள். நான் தடுக்கவில்லை. தடுத்தாலும் இறங்கியிருக்க மாட்டாள்.

வைக்கோல் பரவிவிட்டது. ஒன்று சொல்லியாக வேண்டும், பார்க்க லட்சணமாக இல்லை. கலைந்த படுக்கை மாதிரி இருக்கிறது. சாலையில் போகிறவர்கள் எல்லாரும் வண்டியை மெதுவாக்கிப் பார்க்கிறார்கள். பக்கத்து வயல்காரர் நேற்று வேலிப்பக்கம் நின்று, "என்னம்மா, இந்த வருஷம் வயலுக்குப் போர்வை போத்தி விட்டிருக்கீங்க, குளிருதுன்னு சொல்லிச்சா?" என்று கேட்டார். "ஆமா, உங்க வயல்ல புகை போட்டிருக்கீங்களே, அதுக்குக் கொசுத் தொல்லையா?" என்று கேட்டேன். சொன்ன பிறகுதான், நான் யார் பக்கம் பேசுகிறேன் என்று எனக்கே சந்தேகம் வந்தது.

தூசியையும் கூப்பிட்டு விசாரித்தேன். நீங்கள் எழுதியது சரிதான். மருமகள் ஒரு வார்த்தையில் முடித்திருக்கிறாள், அவர் ஒரு வார்த்தையில் புரிந்துகொண்டிருக்கிறார். உங்கள் மகளுக்குச் சுருக்கமாகப் பேசத் தெரியும் என்பதே எனக்கு இப்போதுதான் தெரியும். தேவையில்லாத இடத்தில் சுருக்கியிருக்கிறாள்.

விதைக்கும் மிஷினை வாடகைக்குப் பேசியாகிவிட்டது. உழாத தரையை வட்டத் தகடுகளால் கீறி, கீறிய பள்ளத்தில் விதை போட்டு மூடும் மிஷின். ஞாயிற்றுக்கிழமை வருகிறது.

இன்னும் கோபம் போகவில்லை. குறைந்திருக்கிறது.

மகளின் மாமியார்


வயல் வீடு
நவம்பர் 3

சம்பந்தி,

நேரடியாகக் கேட்கிறேன். நேரடியாகப் பதில் சொல்லுங்கள்.

நேற்று விதைக்க ஆரம்பித்தோம். எங்கள் வீட்டில் டிராக்டர் சூரியனுக்கு முன்னால் கிளம்பும், நேற்றும் அப்படித்தான். மகன் ஓட்டினான், மருமகள் பின்னால் நடந்தாள். நீங்கள் மொட்டை அடித்த பாதியில் மிஷின் ஒழுங்காகப் போனது. வைக்கோல் பக்கம் திரும்பியதும் தகடுகளுக்கு நடுவே வைக்கோல் சுருண்டு மாட்டியது. இறங்கிப் பிடுங்கினான். ஏறினான். மறுபடி மாட்டியது. மாட்டாமல் போன இடத்தில் நான் குனிந்து விரலால் கிளறிப் பார்த்தேன். தகடு வைக்கோலை வெட்டவே இல்லை. மடித்துப் பள்ளத்துக்குள் திணித்திருக்கிறது. அந்த மடிப்பில் விதை தொட்டிலில் போட்ட குழந்தை மாதிரி கிடக்கிறது, மண்ணில் படவே இல்லை. மண்ணைத் தொடாத விதை எங்கே முளைப்பது?

நிறுத்தச் சொன்னேன். மகன் வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். மருமகள் வயலிலேயே வரப்பில் உட்கார்ந்துவிட்டாள். அவள் பேசாமல் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை.

என் கேள்வி இதுதான். இந்த வயல் தோற்றால் என் மகன் உங்கள் கிடங்குக்கு வருவான். உங்களுக்கு மகன் கிடையாது. வரிசையாக விட்ட ஆள் உங்கள் ஆள், கட்டு மிஷின் உங்களுடையது, பரப்பிய மிஷினும் உங்களுடையது. இதெல்லாம் வார்த்தை தடுமாறியதால் வந்ததுதானா, இல்லை, அவன் வரட்டும் என்று நீங்கள் நினைத்ததால் வந்ததா?

எனக்கு இருப்பது அவன் ஒருவன்தான்.


கிடங்கு
நவம்பர் 3, சாயங்காலம்

சம்பந்தியம்மாவுக்கு,

லாரிக்காரரை நிற்கவைத்துக்கொண்டு எழுதுகிறேன். அதனால் நாலு வார்த்தை பெரிதாகவும் நாலு வார்த்தை சின்னதாகவும் இருக்கும்.

நீங்கள் கேட்டது நியாயமான கேள்வி. மாப்பிள்ளை வந்தால் எனக்கு லாபம்தான், இல்லை என்று எந்த வாயால் சொல்வேன். சைக்கிளில் வைக்கோல் கட்டி விற்றவன் நான். இப்போது கிடங்கின் ஒரு மூலையில் நின்றால் மறு மூலை தெரியாது. இதை யாரிடம் கொடுப்பது என்பதுதான் என் கவலை. பெண்ணைக் கேட்டேன், "வைக்கோல் எனக்கு ஒத்துக்காதுப்பா, தும்மல் வருது" என்றாள். இப்போது வைக்கோலிலேயே வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். மாப்பிள்ளையை முதல்முறை பார்த்ததுமே கணக்குப் போட்டேன். பொறுமைசாலி, பொய் சொல்ல வராது, ஆட்களிடம் குரல் உயர்த்த மாட்டான். இப்படி ஓர் ஆளைத் தேடி எத்தனை வருடம் அலைந்திருக்கிறேன்.

ஆனால் ஒன்று. சரக்கைக் கெடுத்துவிட்டு மலிவாகத் தூக்குகிற வியாபாரி நான் இல்லை. அப்படித் தூக்கினால் கைக்கு வருவது கெட்ட சரக்குதானே. மாப்பிள்ளை தோற்று என் கிடங்குக்கு வந்தால், எனக்குக் கிடைப்பது நான் பார்த்து ஆசைப்பட்ட ஆள் இல்லை. தினம் காலையில் தலை குனிந்து உள்ளே வருகிற வேறு யாரோ. அவன் எனக்கு வேண்டாம். உங்களுக்கும் வேண்டாம்.

இப்போது வேலையைப் பார்ப்போம். விதை பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. வைக்கோல் தெரியும். நீங்கள் விடியற்காலையில் ஆரம்பித்தீர்கள் என்று எழுதியிருக்கிறீர்களே, அங்கேதான் தப்பு. பனி இறங்கிய வைக்கோல் கயிறு மாதிரி. வளையும், வெட்டுப்படாது. என் கட்டு மிஷின் காலையில் வெளியே வராது, வந்தால் கத்தி மழுங்கும். வெயில் ஏறி, ஒரு கைப்பிடி எடுத்து முறுக்கினால் படபடவென்று ஒடிய வேண்டும். விரலில் சுற்றிக்கொண்டால் இன்னும் காயவில்லை என்று அர்த்தம். ஒடிகிற வைக்கோலைத் தகடு வெட்டிவிட்டு மண்ணுக்குப் போகும். மதியத்துக்குத் தொடங்கி வெயில் சாய்வதற்குள் நிறுத்திவிடச் சொல்லுங்கள். மாட்டினால் என்னை நாலு பேர் முன்னால் திட்டலாம்.

உங்கள் வீட்டில் டிராக்டர் சூரியனுக்கு முன்னால் கிளம்பும் என்பது எனக்குத் தெரியும். ஒரே ஒருநாள் சூரியன் முந்திக்கொள்ளட்டும்.

சம்பந்தி


வயல் வீடு
நவம்பர் 7

சம்பந்தி அவர்களுக்கு,

விதைத்து முடித்துவிட்டோம்.

காலை முழுக்கச் சும்மா உட்கார்ந்திருந்தது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்குப் புரியாது. டிராக்டர் வாசலில் நிற்கிறது, விதை நிரப்பியாகிவிட்டது, எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறோம். பக்கத்து வயல்காரர் இரண்டு தடவை நடந்து போனார். மூன்றாவது தடவை பொறுக்கமுடியாமல், "டிராக்டர் ரிப்பேருங்களா?" என்றார். மருமகள், "இல்லைங்க, வைக்கோல் இன்னும் எழுந்திருக்கலை" என்றாள். அவர் தலையை ஆட்டிக்கொண்டே போனார். எங்கள் குடும்பத்துக்கே ஏதோ ஆகிவிட்டது என்று இப்போது ஊரெல்லாம் சொல்லியிருப்பார்.

நான்தான் ஒவ்வொரு தடவையும் போய் வைக்கோலை முறுக்கிப் பார்த்தேன். வளைந்தது. வளைந்தது. அப்புறம் ஒரு தடவை கையிலேயே பொடிந்தது. "எடுங்கடா வண்டியை" என்றேன். அதற்குப் பிறகு மிஷின் ஓர் இடத்திலும் நிற்கவில்லை. தகடு வைக்கோலை வெட்டுகிற சத்தம் தனி, புதுத் துணியைக் கிழிக்கிற மாதிரி. நான் பின்னால் நடந்து விரலால் கிளறிக்கொண்டே போனேன். விதை மண்ணில் இருந்தது. மண் குளிர்ச்சியாக இருந்தது, பிசுபிசுப்பு இல்லை. தீ வைத்த மண்ணை இத்தனை வருடம் தொட்டவள் நான். இது வேறு மாதிரி இருக்கிறது. நல்லதா கெட்டதா என்று இப்போது சொல்ல மாட்டேன்.

முந்தைய கடிதத்தில் உங்களிடம் கேட்ட கேள்வி கொஞ்சம் காரமாகப் போய்விட்டது. பதில் நேராக வந்ததால் ஒன்று சொல்கிறேன். கிடங்குக்குப் போ என்று அவனிடம் சொன்னது எரிச்சலில் வந்த வார்த்தை. நான் அதைச் சொன்ன அன்றே மறந்திருப்பேன். அவன் சட்டம் மாதிரி எடுத்துக்கொண்டான். இருந்தவரை அவன் அப்பாவும் இப்படித்தான். சொன்ன வார்த்தையை நானாகத் திரும்ப வாங்கினால், "அம்மா பாவம் பார்த்துத் தந்த வயல்" என்று ஆகிவிடும். அவனுக்கு அது பிடிக்காது. அதனால் வயல்தான் சொல்ல வேண்டும். நான் காத்திருக்கிறேன்.

மாமியார்


வயல் வீடு
நவம்பர் 15

சம்பந்தி அவர்களுக்கு,

மழை. விதைத்த மண்ணுக்கு ஆகாத மழை, அடித்து ஊற்றிவிட்டு அடுத்த நாளே வெயில்.

வைக்கோல் பக்கம் ஒன்றும் ஆகவில்லை. மழையை வைக்கோல் வாங்கிக்கொண்டது. நீங்கள் மொட்டை அடித்த பக்கம்தான் போச்சு. மேல்மண் இறுகி, சுட்ட தட்டு மாதிரி ஓடு கட்டிவிட்டது. முளை உள்ளே வந்துவிட்டது, வெளியே வர வழியில்லை. ஓட்டைத் தூக்கிப் பார்த்தால் அடியில் வெள்ளையாக, சுருண்டு கிடக்கிறது. மகன் பார்த்துவிட்டு, "பாதி வயல் போனா முளைச்சதுன்னு சொல்ல முடியாதும்மா" என்றான். அவன் இவ்வளவு நேர்மையாக இருக்க வேண்டாம்.

ஓடு கட்டின மண்ணுக்கு என்ன செய்வது என்று எனக்குத் தெரியும். பலகையில் ஆணி அடித்து, மேலே கல் வைக்காமல், லேசாக இழுக்க வேண்டும். ஓடு மட்டும் உடையும், முளை உடையாது. நேற்றும் இன்றும் மூன்று பேரும் அதைத்தான் செய்தோம். ஆனால் வெயில் இப்படியே அடித்தால் மறுபடி இறுகிவிடும். மேலே எதையாவது மெல்லிசாகப் போட்டு மூடினால் ஈரம் நிற்கும்.

எதைப் போடுவது என்று மருமகளைக் கேட்டேன். "அந்த வயலோட வைக்கோலைத்தான் அத்தை. வேற வயலோடது வேண்டாம், களை விதை வரும்" என்றாள். சரிதான்.

ஆகவே, எங்கள் வயலிலிருந்து கட்டிக்கொண்டு போன வைக்கோலை நீங்கள் திருப்பி அனுப்ப வேண்டும். கட்டைப் பிரித்து உதறித் தூவப்போகிறோம். ஒரு வியாபாரியிடம் இதைக் கேட்பது சரியில்லை என்று எனக்குத் தெரியும். கேட்கிறேன்.

மாமியார்


கிடங்கு
நவம்பர் 16

சம்பந்தியம்மாவுக்கு,

உங்கள் வயல் கட்டுகள் என்னிடம் இல்லை. வந்த மூன்றாம் நாளே காளான் வளர்க்கிறவருக்கு விற்றுவிட்டேன். நல்ல பொன்னிற வைக்கோல், அவர் கண் வைத்துவிட்டார்.

இன்று காலை அவர் கொட்டகைக்கு நானே போனேன். நடந்ததை அப்படியே எழுதுகிறேன், நீங்கள் சிரிக்கலாம்.

"வாங்கண்ணே, அடுத்த லோடா?" என்றார்.

"இல்ல தம்பி. போன லோடு."

"போன லோடுக்கென்ன, நல்லாத்தானே இருக்கு?"

"அதைத் திருப்பி எடுத்துக்கலாம்னு வந்தேன்."

அவர் என்னை உட்காரச் சொன்னார். தண்ணீர் கொடுத்தார். பிறகு மெதுவாக, "அண்ணே, வீட்ல எல்லாம் சௌக்கியம்தானே?" என்று கேட்டார். நான் விற்ற சரக்கைத் திருப்பிக் கேட்கிற நிலைமை வந்தால் வீட்டில் யாருக்கோ உடம்பு முடியவில்லை என்றுதான் அவர் நினைப்பார். என்னை அவ்வளவு நாளாகத் தெரியும்.

விஷயத்தைச் சொன்னேன். பாதிக் கட்டுகளை ஏற்கெனவே ஊற வைத்துவிட்டாராம். மிச்சம் இருக்கிறது. அதற்குப் பதிலாக அவருக்கு அடுத்த லோடு நான் கையால் பொறுக்கித் தர வேண்டும், தாமதமானால் அவர் தினமும் என்னைக் கூப்பிட்டுத் திட்டுவார். ஒத்துக்கொண்டேன். "சம்பந்தி வீட்டுக்காகவா இவ்வளவு?" என்று கேட்டார். "ஆமாப்பா, அந்தம்மா கடிதம் எழுதுறாங்க, படிச்சா நீயும் குடுத்துடுவ" என்றேன்.

நாளை நானே லாரியில் வருகிறேன். வாசலில் நிறுத்தி ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் வயலில் இறங்குவேன். எழுதிவிட்டேன், நிச்சயமாகக் கேட்பேன்.

சம்பந்தி


கிடங்கு
நவம்பர் 29

சம்பந்தியம்மாவுக்கு,

அன்றைக்கு வந்து போனதிலிருந்து முதுகு இன்னும் நேராகவில்லை. வைக்கோலை வாங்கி விற்றே காலம் தள்ளினேன், கையால் உதறித் தூவினது எப்போது என்று நினைவில்லை. நீங்களும் நானும் ஒரே கட்டைப் பிரித்துக்கொண்டு ஆளுக்கு ஒரு பக்கம் நடந்ததைப் பார்த்து மாப்பிள்ளை சிரித்தான். அவன் பல் வரிசை நன்றாக இருக்கிறது என்பதை அன்றுதான் கவனித்தேன்.

நீங்கள் சாப்பிடச் சொன்னீர்கள், நான் வாயை மூடிக்கொண்டு சாப்பிட்டேன். என் வீட்டுக்காரியிடம் இதைச் சொன்னேன், நம்பவில்லை. "அவங்க என்ன போட்டாங்க, அப்படி?" என்று கேட்டாள்.

நாற்காலி விஷயத்தைப் பிறகு எழுதுகிறேன் என்று சொல்லியிருந்தேன். எழுதிவிடுகிறேன். என் கிடங்கில் சரக்கு வரவைப் பார்க்கிற பெண் ஒருத்தி இருக்கிறாள். நான் வெளியே போகிற நாட்களில் எல்லாவற்றையும் அவள்தான் பார்த்துக்கொள்கிறாள், லாரிக்காரர்கள் எனக்குப் பயப்படுவதைவிட அவளுக்குப் பயப்படுகிறார்கள். அது என் கண் முன்னால்தான் நடந்துகொண்டிருந்தது. ஆனால் என் மனசில் மாப்பிள்ளை என்று ஒரு படம் மாட்டியிருந்ததால் அதற்குப் பின்னால் இருந்தது தெரியவில்லை. திங்கட்கிழமையிலிருந்து அந்த இடத்தில் அவள் உட்காருகிறாள். உட்காரச் சொன்னபோது, "இத்தனை நாள் நின்னுக்கிட்டே செஞ்சேன், உட்கார்ந்தா தூக்கம் வருமே சார்" என்றாள்.

வயல் என்ன ஆனாலும் என் பக்கத்து நாற்காலி போய்விட்டது என்று மாப்பிள்ளைக்குச் சொல்லிவிடுங்கள். இல்லை, சொல்லாதீர்கள். வயல் சொல்வதற்கு முன்னால் நாம் சொன்னால் அது நீங்கள் எழுதியது மாதிரி பாவம் பார்த்ததாகிவிடும்.

முளைத்ததா இல்லையா? அதை மட்டும் எழுதுங்கள். வாயாடியிடம் கேட்டால், "அத்தைதான் சொல்லணும்" என்கிறாள்.

சம்பந்தி


வயல் வீடு
டிசம்பர் 6

சம்பந்தி அவர்களுக்கு,

பதில் தாமதம். வயலைத் தினமும் பார்த்துவிட்டு எழுதலாம் என்று இருந்தேன், தினமும் கொஞ்சம் மாறிக்கொண்டே இருந்தது.

வைக்கோல் பக்கம் முதலில் ஒன்றும் தெரியவில்லை. பயந்துவிட்டேன். காலால் வைக்கோலை விலக்கிப் பார்த்தால் அடியில் மஞ்சளாக, வெளிச்சத்துக்கு ஏங்கிக்கொண்டு நின்றது. நாலைந்து நாளில் வைக்கோலைத் தாண்டி வெளியே வந்துவிட்டது. இப்போது பச்சை. நாம் பரப்பிய பிறகும் தடிப்பாக இருந்த இடங்களில் மட்டும் கோடு கோடாக வெறுமை, உங்கள் வரிசை ஞாபகார்த்தமாக. மொட்டைப் பக்கம் ஓடு உடைத்த இடத்தில் வந்திருக்கிறது, உடையாத இடத்தில் இல்லை. தலையில் பாதி முடி போனவர் சீவிக்கொண்ட மாதிரி இருக்கிறது. முழு வயலையும் சேர்த்துச் சொன்னால், தீ வைத்து உழுது நான் விதைக்கிற வயலைவிடக் கொஞ்சம் குறைவு. பெரிய குறைவு இல்லை.

இது முளைத்ததில் சேர்த்தியா என்று நானும் யோசித்தேன். மகன் என் முகத்தைப் பார்ப்பதும் பார்க்காததுமாக ஒரு வாரம் நடந்தான். மருமகள் பாத்திரத்தைக் கொஞ்சம் சத்தமாக வைத்தாள். நான் தீர்ப்புச் சொல்ல வேண்டும் என்று இருவரும் காத்திருந்தார்கள். எனக்கும் எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

இன்று காலை பள்ளத்து வயல் பக்கம் சத்தம் கேட்டது. யாரோ வெளியாள் வந்து வம்பு செய்கிறான் என்று நினைத்துப் போனேன். இவர்கள் இருவரும்தான். அந்த வயல் களிமண், தண்ணீர் நிற்கும். அடுத்த நெல் அறுப்புக்கு அங்கே தாளை உயரமாக விட்டு அறுக்க வேண்டும், நிற்கிற தாளுக்கு நடுவே விதைத்தால் காற்று போகும் என்கிறான் அவன். "உயரமா விட்டா எலி குடியிருக்கும், தாழ அறுத்துத் தூவினாத்தான் சரி" என்கிறாள் இவள். "உனக்கு அந்த மண்ணைப் பத்தி என்ன தெரியும்?" என்கிறான். "உங்களுக்கு எலியைப் பத்தி என்ன தெரியும்?" என்கிறாள். கையில் ஆளுக்கொரு கட்டி மண் வேறு. என்னைப் பார்த்ததும், "அம்மா, நீங்களே சொல்லுங்க", "அத்தை, நீங்களே சொல்லுங்க" என்று ஒரே நேரத்தில் கேட்டார்கள்.

வந்த வழியே திரும்பிவிட்டேன். அடுத்த வருட அறுப்பைப் பற்றி இவ்வளவு கத்துகிறவர்கள் எங்கேயும் போகப்போவதில்லை. அவர்களுக்கு என் தீர்ப்பு இனி எதற்கு?

மதியம் சாப்பிடக் கூப்பிட்டேன். வரவில்லை, இன்னும் எலியில்தான் இருக்கிறார்கள். நான் சாப்பிட்டுவிட்டு வந்து இதை எழுதுகிறேன்.

உங்கள் சம்பந்தி